குறட்டை நல்லுறக்கத்தின் அறிகுறியா?

“படுத்தவுடன் குறட்டை, கவலையற்ற மனிதர்!” என்று நம் இல்லங்களில் நகைப்புடன் கூறுவதுண்டு. அம்பத்தூர்த் தொழிற்பேட்டையிலோ, ஆவடிக் கனரக வாகனத் தொழிற்சாலையிலோ உழைத்துக் களைத்து வரும் குடும்பத் தலைவர் அயர்ந்து உறங்குவது இயல்பே எனக் கருதுகிறோம். ஆனால் அக்குறட்டை திடீரென நின்று, சில நொடிகள் அமைதி நிலவி, பின்பு பெருந்திணறலோடு மூச்சு மீளுமாயின், அது நல்லுறக்கம் அன்று. நோயின் அறிகுறியாக இருக்கலாம்.

உறக்கத்தில் தொண்டைத் தசைகள் தளர்கின்றன. சிலருக்கு மூச்சுவழி அறவே அடைபட்டு, 10 நொடிகளுக்கும் மேலாக மூச்சு தடைப்படுகிறது. இரத்தத்தில் பிராணவாயு குறைய, மூளை திடுக்கிட்டு மூச்சை மீட்கிறது. உறங்குபவரோ இதனை அறியார். மணிக்கு 30 முறைக்கு மேல் இவ்வாறு நிகழ்ந்தால் நோய் கடுமையானது என்பர் மருத்துவர்.

உறக்கத்தில் தணிய வேண்டிய இரத்த அழுத்தம், ஒவ்வொரு தடையின் முடிவிலும் சீறி எழுகிறது. நாளடைவில் அது பகலிலும் நீடிக்கிறது. இதயத் துடிப்பும் சீர்கெடலாம். இவையே மூளையைத் தாக்கும் பக்கவாதத்திற்கு வழிகோலுகின்றன. அமெரிக்காவில் 5,422 பேரை ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் கண்காணித்து 2010இல் வெளியான ஆய்வில், இந்நோய் மிகுந்திருந்த ஆண்களுக்குப் பக்கவாத அபாயம் ஏறக்குறைய மூன்று மடங்காகக் காணப்பட்டது. நம் நாட்டிலும் 2022 பிப்ரவரியில் மும்பையில் மறைந்த திரையிசையமைப்பாளர் பப்பி லாஹிரியின் மரணத்திற்கு இவ்வுறக்க மூச்சுத்தடையே காரணம் என அவருடைய மருத்துவர் தெரிவித்தார்.

காலையில் தலைவலி, பகலில் தூங்கி வழிதல், மருந்துண்டும் அடங்காத இரத்த அழுத்தம் ஆகியவற்றைக் கவனியுங்கள். பூந்தமல்லி நெடுஞ்சாலையில் வாகனம் ஓட்டுகையில் கண் செருகுவது உடனடி ஆபத்து. பருத்த உடலும் தடித்த கழுத்தும் உடையோர்க்கு இந்நோய் மிகுதி. மாதவிடாய் நின்ற பெண்டிரும் விலக்கல்லர்.

ஓரிரவு உறக்கப் பரிசோதனையில் நோய் புலப்படும். எடையைக் குறைத்தல், மதுவை விலக்குதல், ஒருக்களித்துப் படுத்தல் ஆகியவை பயன் தரும். நோய் முற்றியவர்க்கு, மூக்கின் வழியே காற்றை அழுத்தி மூச்சுவழியைத் திறந்து வைக்கும் சிறு கருவி உண்டு. இம்முறையை ஆஸ்திரேலிய மருத்துவர் காலின் சல்லிவன் 1981இல் வெளியிட்டார். எனினும் கருவி ஒன்றே பக்கவாதத்தைத் தடுத்துவிடும் என எண்ணலாகாது. இதயநோயோ பக்கவாதமோ முன்னரே கண்ட 2,717 பேரிடம் நடந்து 2016இல் வெளியான ஆய்வு அதனை மெய்ப்பிக்கவில்லை; அவர்கள் கருவியை அணிந்ததும் இரவுக்குச் சராசரி மூன்று மணி நேரமே. ஆகவே கருவியை இரவு முழுதும் அணிவதோடு, இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் கட்டுக்குள் வைப்பதும், புகைப்பதை விடுவதும் இன்றியமையாதவை.

மருத்துவரிடம் தனியே செல்பவர், “நன்றாகவே உறங்குகிறேன்” என்றுதான் சொல்வார். உண்மை அறிந்தவர் அருகில் விழித்துக் கிடப்பவரே. ஆதலால், தாய்மார்களே, அடுத்த முறை நீங்களும் உடன் செல்லுங்கள். இரவில் கேட்டதை மறைக்காமல் மருத்துவரிடம் கூறுங்கள். இல்லத்தைத் தாங்குபவரின் உயிரை அச்சொல் காக்கக்கூடும்.