காண்பதும் காப்பதும்



விடுமுறை வந்தால் எங்கே செல்லலாம் என்பது உங்கள் வயதினர் அனைவரும் கேட்கும் கேள்வி. நாஞ்சில் நாட்டவராகிய நமக்கு விடை அருகிலேயே உள்ளது. குளிர்காலக் காலைப்பொழுதில் தேரூர்க் குளக்கரையில் சிறிது நேரம் நின்றால், நாரையும் கூழைக்கடாவும் நம்மைப் பொருட்படுத்தாது இரை தேடுவதைக் காணலாம். சுசீந்திரம், தேரூர் நீர்நிலைகள் 2022-ஆம் ஆண்டில் ராம்சர் பட்டியலில் இடம்பெற்றன. எனினும் இன்று உங்களைச் சற்றுத் தொலைவிலுள்ள தீவுக் கூட்டமொன்றிற்கு அழைத்துச் செல்ல விழைகிறேன்.

தூத்துக்குடிக்கும் பாம்பனுக்கும் இடையே, கரையை ஒட்டி, மன்னார் வளைகுடாவில் மாலைபோல் அமைந்தவை 21 தீவுகள். வான் தீவு, காரைச்சல்லி, நல்லதண்ணித் தீவு, முயல் தீவு, குருசடை என்பன அவற்றுட் சில. இவற்றில் மக்கள் நிலையாக வாழ்வதில்லை. ஆனால் இவற்றைச் சூழ்ந்த கடலோ உயிர்கள் நெருங்கி வாழும் பேரூர். நூற்றுக்கும் மேற்பட்ட பவள இனங்கள் அங்கே வளர்கின்றன. 1986-இல் இப்பகுதி கடல்சார் தேசியப் பூங்காவாகவும், 1989-இல் சுற்றியுள்ள 10,500 சதுர கிலோமீட்டர் பரப்பு உயிர்க்கோளக் காப்பகமாகவும் அறிவிக்கப்பெற்றன.

பவளம் என்பது கல்லன்று; செடியுமன்று. ஊசிமுனை அளவினவாகவும் அதனிற் சற்றுப் பெரியனவாகவும் உள்ள எண்ணற்ற சிற்றுயிர்கள் கூடி, கடல்நீரிலுள்ள சுண்ணாம்பைக் கொண்டு கட்டும் மாளிகையே பவளப்பாறை. அவற்றின் உடலுள் நுண்பாசிகள் குடியிருந்து, கதிரொளியால் உணவு சமைத்துத் தருகின்றன. பவளத்தின் நிறமும் பெரும்பாலும் அப்பாசிகளால் ஆயதே. கடல்நீர் அளவுக்கு மீறி வெப்பமுற்றால் பாசிகள் நீங்கும், பவளம் வெளுக்கும், வெப்பம் நீடித்தால் மடியும். 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் மன்னார் வளைகுடாவில் இவ்வாறு நேர்ந்தது.

இனி, என் பிழையொன்றைச் சொல்ல வேண்டும். பூங்கா அமைவதற்குச் சில ஆண்டுகள் முன்னர், இளம் ஆசிரியனாக இருந்த நான், உயிரியல் மாணவர் சிலரைக் குருசடைத் தீவுக்கு அழைத்துச் சென்றேன். முதுகுநாணற்ற உயிர்களுக்கும் முதுகுநாண் உள்ளவற்றிற்கும் இடைப்பட்டதெனப் பாடநூல்கள் கூறும் பலனோகிளாசஸ் என்னும் புழுவுக்குப் பெயர்பெற்ற தீவு அது. கடல் வற்றிய நேரம். மாணவர்கள் ஆர்வத்தோடு பாறைமேல் நடந்தனர், காலடியில் ஏதோ நொறுங்கும் ஓசை கேட்டது, நான் தடுக்கவில்லை. திரும்பும்போது ஒரு மாணவன் கையகலப் பவளக் கிளையைக் கொணர்ந்தான். நான் மெச்சினேன். ஆய்வகத்துக் கண்ணாடி அலமாரியில் வைத்தோம். இரண்டே நாளில் அது நாறத் தொடங்கியது, நிறமும் போயிற்று. “ஐயா, இது உயிரோடிருந்ததா?” என்று அவன் கேட்டான். நான் விடை கூறாது நின்றேன்.

ஒருவகைப் பவளம் ஓராண்டில் ஒரு சென்டிமீட்டர் வளர்வதே அரிது. பத்தாண்டுகளின் உழைப்பை ஒரு பிற்பகலில் ஒடித்து வந்தோம். ஒருவர் ஒடிப்பதால் என்ன குறைந்துவிடும் என்பீர்கள். சுண்ணாம்பிற்காகப் பவளப்பாறைகளைப் பல்லாண்டுகள் வெட்டியெடுத்தனர். அலையைத் தடுக்கும் அரண் தேய்ந்தது. தீவுகளின் கரை அரித்தது. 21 தீவுகளில் இரண்டு இன்று நீருக்குள் மறைந்துவிட்டன. வான் தீவும் மறையும் நிலையை எய்தவே, அதனைச் சுற்றிக் கடலுள் செயற்கைப் பாறைகளை அமைத்துக் காத்து வருகின்றனர்.

பசிபிக் பெருங்கடலிலுள்ள கலபகசுத் தீவுகளை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1835-இல் டார்வின் சென்ற இடம் அது. 1959-இல் தேசியப் பூங்காவாயிற்று. அங்கே செல்வோர் உரிமம் பெற்ற வழிகாட்டியோடு, வகுத்த பாதையில் மட்டுமே நடக்க வேண்டும், விலங்கிடமிருந்து இரண்டு மீட்டர் தள்ளி நிற்க வேண்டும், கல்லொன்றையும் எடுத்துவரலாகாது.

நம் தீவுகளிலும் வனத்துறையின் அனுமதியின்றிக் கால்வைத்தல் கூடாது. பவளத்திற்கு 2001 முதல் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் காவல் உண்டு. ஆயினும் காண்பதற்கு வழி இல்லாமலில்லை. அடியில் கண்ணாடி பதித்த படகிலிருந்து பவளத்தையும் மீன்களையும் காணலாம். பாக் விரிகுடாக் கரையிலுள்ள காரங்காட்டில் அலையாத்தி மரங்களுக்கிடையே படகில் செல்லலாம். குளிர்காலத்தில் தனுஷ்கோடிப் பக்கம் பூநாரைகள் வருகின்றன. ஆவுளியா எனப்படும் கடற்பசுவை மட்டும் காண்போம் என்று உறுதி கூற இயலாது. கடற்புல் மேயும் அப்பிராணி மூச்சுவிட மேலே வந்து மறுகணமே மறையும். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒரே கன்று ஈனுவதால், ஒன்று இறந்தாலும் இழப்புப் பெரிது. அதற்கெனப் பாக் விரிகுடாவில் 2022-இல் தனிக் காப்பகம் அமைந்தது.

இங்கே எண்ணத்தக்க கேள்வியொன்று உண்டு. தீவுகளைச் சுற்றி மூழ்கிக் கடற்பாசி சேகரித்துப் பிழைத்த மீனவப் பெண்களுக்குப் பூங்காவின் கட்டுப்பாடு பெருஞ்சுமையாயிற்று. உழைப்பவரை விலக்கிவிட்டு வேடிக்கை பார்ப்பவரை விடுதல் அறமாகுமா? ஆகாது. ஆதலின் காரங்காட்டைப் போல, அவ்வூர் மக்களே படகு செலுத்தி, வழிகாட்டி, வருவாய் பெறும் முறையே நேரியது. கடலைத் தலைமுறையாக அறிந்த அவர்களினும் சிறந்த ஆசிரியர் நமக்குக் கிடையார்.

மாணவர்களே! பயணம் செல்லுங்கள். குறிப்பேடும், இயன்றால் தொலைநோக்கியும் எடுத்துச் செல்லுங்கள். கண்டதை எழுதுங்கள், வரையுங்கள். ஆனால் வெறுங்கையோடு திரும்புங்கள். எங்கள் ஆய்வக அலமாரியில் அந்த வெள்ளைத் துண்டு நெடுங்காலம் இருந்தது. அதன்கீழ் ஒட்டியிருந்த “பவளம்” என்னும் சீட்டை எடுத்துவிட்டு, “இருந்த இடத்தில் இருந்திருக்க வேண்டியது” என்று என் கையாலேயே எழுதி வைத்தேன். ஆண்டுதோறும் புதிய மாணவர்கள் அதன் பொருளைக் கேட்பார்கள். அன்றைய பாடம் அங்கிருந்தே தொடங்கும்.