பளபளப்பு வேறு, அசல் வேறு

பழைய கார் கண்காட்சியில் பானட் திறந்திருக்கும் வண்டியைச் சுற்றித்தான் கூட்டம் கூடும். குரோம் பூசிய டேப்பட் கவர், முகம் தெரியும்படி பாலிஷ் போட்ட செம்புக் குழாய், சிவப்பும் நீலமுமாகப் புது ஹோஸ் என்று உள்ளே எல்லாம் மின்னும். "இப்போதுதான் பாக்டரியிலிருந்து வந்த மாதிரி இருக்கிறது" என்று பார்ப்பவர்கள் வியப்பார்கள். பாக்டரியிலிருந்து வந்த அன்றைக்கு அந்த வண்டி அப்படி இருந்திருக்காது. அறுபதுகளில் சாதாரண விலைக்கு விற்ற காரின் எஞ்சின் பகுதியில் மங்கிய துத்தநாகப் பூச்சுள்ள போல்ட்டுகளும், அரைப் பளபளப்புக் கருப்புப் பெயிண்டும், மெருகேற்றாத வார்ப்பு அலுமினியமும்தான் இருந்தன. எனவே பழைய வண்டியை அசல் தோற்றத்துக்குக் கொண்டுவருவது என்றால் முதலில் மினுக்கும் ஆசையைக் கைவிட வேண்டும். எது எப்படி இருந்தது என்பதற்கு வண்டியிலேயே சான்று தேட வேண்டும். சான்று கிடைக்கும் இடத்தில் கையைக் கட்டிக்கொள்ளவும் தெரிய வேண்டும்.

தமிழ்நாட்டில் இதைச் சொல்ல மிகப் பொருத்தமான வண்டி ஸ்டாண்டர்டு ஹெரால்டு. இங்கிலாந்தின் டிரயம்ப் நிறுவனம் 1959-ல் வெளியிட்ட கார் இது. உருவத்தை வடிவமைத்தவர் இத்தாலியரான ஜியோவானி மிக்கலோட்டி. சென்னையின் ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் 1961 முதல் இதை இங்கேயே தயாரித்தது. இதே ஹெரால்டின் சேசிஸைக் குறுக்கித்தான் டிரயம்ப் 1962-ல் ஸ்பிட்ஃபயர் என்ற இருவர் அமரும் ஸ்போர்ட்ஸ் காரைக் கொண்டுவந்தது. இரண்டிலும் பானட் ஒரே மாதிரித் திறக்கும். மட்கார்டும் முகப்பு விளக்கும் சேர்ந்து மொத்த முன்பாகமும் முன்னோக்கிக் கவிழ்ந்துவிடும், முன்சக்கரத்தின் மேலேயே உட்கார்ந்து வேலை பார்க்கலாம். ஸ்பிட்ஃபயரில் 1147 சிசி எஞ்சினும் இரட்டை கார்ப்பரேட்டரும் இருந்தன. இங்கிலாந்தில் ஹெரால்டும் 1147, பிறகு 1296 சிசி என்று வளர்ந்தது. நம் ஊர் ஹெரால்டு கடைசிவரை 948 சிசியிலேயே ஓடியது. அந்தச் சிறிய எஞ்சின்தான் அன்றைய இந்தியக் கார்த் தொழிலின் வரலாறு. அதில் இரட்டை கார்ப்பரேட்டரைப் பூட்டி ஸ்பிட்ஃபயர் வேடம் கட்டினால் வண்டி அழகாகலாம், ஆனால் சென்னையில் பிறந்த அடையாளம் போய்விடும்.

சான்று எங்கே கிடைக்கும்? நாம் அழுக்கு என்று சுரண்டி எறிகிறோமே, பெரும்பாலும் அதற்கு அடியில்தான். கோவில்பட்டி, பசுவந்தனை வட்டாரத்தில் கோடையில் பறக்கும் கரிசல் தூசு, கசியும் எஞ்சின் ஆயிலோடு கலந்து இறுகி, பிசுக்காகப் படிகிறது. பார்க்க அருவருப்பாக இருக்கும் அந்தப் பிசுக்கு, அடியில் இருக்கும் பெயிண்டை வெயிலும் காற்றும் படாமல் காக்கிறது. தூத்துக்குடிக் கரையின் உப்புக்காற்றில் நின்ற வண்டியைவிட, உள்நாட்டு வறண்ட கொட்டகையில் நின்ற வண்டியின் தகரம் துருவுக்குத் தப்ப வாய்ப்பும் அதிகம். மண்ணெண்ணெயில் நனைத்த பிரஷ்ஷால் பொறுமையாக எடுத்தால் வண்டியின் முதல் நிறம் தெரியும். பேட்டரித் தட்டின் அடி, பேட்டரி சார்ஜைக் கட்டுப்படுத்தும் கட்-அவுட் பெட்டியைக் கழற்றினால் தெரியும் நாலு விரல் அகலத் தகரம், பிளேட் பொருத்திய இடத்தின் பின்புறம் ஆகியவற்றை முதலில் பார்க்க வேண்டும். பிரேக் ஆயில் பெயிண்டைத் தின்றுவிடும் என்பதால் மாஸ்டர் சிலிண்டருக்குக் கீழே தேடிப் பயனில்லை. அவசரப்பட்டு சாண்ட் பிளாஸ்டிங்கில் விட்டால் ஒரே பிற்பகலில் இத்தனை சான்றும் மணலோடு போய்விடும்.

ஒயரிங்கும் இப்படியே ஒரு சாட்சி. அன்றைய பிரிட்டிஷ் கார்களுக்கு மின்பாகங்கள் தந்த லூகாஸ் நிறுவனத்தின் முறையில் ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு வேலை உண்டு. பேட்டரியிலிருந்து வருவது பழுப்பு, சாவி திருப்பியதும் உயிர் பெறுவது வெள்ளை, எர்த்துக்குப் போவது கருப்பு. கையில் கிடைத்த சிவப்பு ஒயரையே எல்லா இடத்துக்கும் இழுத்துவிட்டால் தோற்றம் கெடுவதோடு, அடுத்து வரும் எலக்ட்ரீஷியனுக்கு வழிகாட்டியும் இல்லாமல் போகிறது. போல்ட்டுகள் மில்லிமீட்டர் அளவு அல்ல, அங்குல மரை. கடையில் கிடைக்கும் மில்லிமீட்டர் போல்ட்டை முறுக்கி ஏற்றினால் எஞ்சின் பிளாக்கின் மரையே போய்விடும். ஆக, அசலைக் காப்பது பல நேரம் வண்டியைக் காப்பதாகவும் இருக்கிறது.

"என் வண்டி, என் காசு. மின்னினால் யாருக்கு என்ன?" என்று கேட்கலாம். உரிமை இருக்கிறது, ஆனால் அப்போது அதற்கு அசல் என்று பெயர் சொல்ல முடியாது. சட்டமும் இந்த வேறுபாட்டைப் பார்க்கிறது. 2021-ல் திருத்திய மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்து, அசல் வடிவில் பேணப்பட்டு, சேசிஸிலும் பாடியிலும் எஞ்சினிலும் பெரிய மாற்றம் செய்யாத வண்டிக்குத்தான் விண்டேஜ் தகுதியும் 'விஏ' வரிசை எண்ணும் கிடைக்கும். பழைய வாகனங்களுக்கான உலகக் கூட்டமைப்பு 2012-ல் ஏற்ற டூரின் சாசனமும், புதிதாக்குவதைவிட இருப்பதைப் பாதுகாப்பதையே முன்னே வைக்கிறது. மாற்றிய பாகத்தில் கண்ணை உறுத்தாத, ஆனால் அழியாத அடையாளம் இட வேண்டும் என்றும் சொல்கிறது.

இதைவிடக் கனமான கேள்வி, பழைய பொருளே ஆபத்தானால் என்ன செய்வது என்பது. எத்தனால் கலந்த இன்றைய பெட்ரோல் அந்தக் காலத்து ரப்பரைக் கெடுக்கிறது. கசியும் பெட்ரோல் ஹோஸை அசல் என்று வைத்திருப்பவர் தீயை விலைக்கு வாங்குகிறார். அன்றைய கேஸ்கெட்டிலும் பிரேக் லைனிங்கிலும் ஆஸ்பெஸ்டாஸ் இருந்தது. அதை இன்று தேடிப் பிடித்துப் பொருத்தச் சொல்வது முட்டாள்தனம். இங்கே ஒரு எளிய நெறி போதும். கண்ணுக்குத் தெரிவது பழையபடி இருக்கட்டும், உயிரைக் காப்பது புதியதாகட்டும். வெளித்தோற்றம் கருப்பாகவே உள்ள, எத்தனால் தாங்கும் ஹோஸ் போடலாம். நம் வெயிலுக்கு ரேடியேட்டருக்கு மின்விசிறி தேவைப்பட்டால், துளை போடாமல், நாளை கழற்றி எடுக்கும்படி பொருத்தலாம். பாகம் கிடைக்கவில்லை என்ற குறைக்கும் கோவில்பட்டிப் பக்கத்தில் வழி உண்டு. மில்லுக்கும் தீப்பெட்டித் தொழிலுக்கும் உதிரி செய்து பழகிய லேத் பட்டறைகள் உள்ள வட்டாரம் இது. பழைய போல்ட்டை மாதிரிக்குக் கொண்டுபோனால் அதே மரையில் ஒன்றைக் கடைந்து தருவார்கள். மாதிரியைக் குப்பையில் போட்டிருந்தால்தான் சிக்கல்.

வீட்டில் தாத்தா காலத்துக் கார் நின்றால், மெக்கானிக்கை அழைக்கும் முன்பு பானட்டைத் திறந்து எல்லாக் கோணத்திலும் படம் எடுத்துவையுங்கள். கழற்றும் ஒவ்வொரு நட்டையும் போல்ட்டையும் உறையில் போட்டு, எந்த இடத்தது என்று எழுதி ஒட்டுங்கள். குரோமை எப்போது வேண்டுமானாலும் பூசிக்கொள்ளலாம். சுரண்டிப் போட்ட முதல் பெயிண்ட் எந்தக் கடையிலும் கிடைக்காது.