கடலோரக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு: மும்பைத் திட்டமும் சுற்றுச்சூழலும்

கடலோர நகரங்கள் தம் கழிவுநீரைக் கடலில் விடுவது நெடுங்கால வழக்கம். கடல் பரந்தது, அலையும் நீரோட்டமும் அழுக்கைக் கரைத்துவிடும், வெயிலும் உப்பும் நோய்க்கிருமிகளைக் கொன்றுவிடும் என்பதே இவ்வழக்கத்திற்கு ஆதாரமான கருத்து. இதில் உண்மை இல்லாமலில்லை. ஆயின் கழிவின் அளவு சிறிதாகவும், அதை ஏற்கும் கடற்பகுதி ஆழமாகவும் இருக்கும் வரையில்தான் இது பொருந்தும். மும்பை மாநகரம் இந்த வரம்பைக் கடந்து பல பத்தாண்டுகளாகின்றன.

அந்நகரின் கழிவுநீரை முறையாகச் சுத்திகரிக்கும் நோக்குடன் வொர்லி, பாந்த்ரா, தாராவி, வெர்சோவா, மலாட், காட்கோபர், பாண்டுப் ஆகிய ஏழு இடங்களில் புதிய நிலையங்கள் அமைக்க 2023 ஜனவரி 19ஆம் நாள் அடிக்கல் நாட்டப்பட்டது. மதிப்பீடு ஏறத்தாழ ரூ.17,200 கோடி. ஏழு நிலையங்களின் மொத்தக் கொள்ளளவு நாளொன்றுக்குச் சுமார் 246 கோடி லிட்டர். இதில் வொர்லி நிலையத்தின் பங்கு மட்டும் 50 கோடி லிட்டர்.

சுற்றுச்சூழலைக் காப்பதற்கென்றே வகுக்கப்பட்ட திட்டத்தின் சுற்றுச்சூழல் விளைவுகளை ஆராய்வானேன் என்ற கேள்வி எழலாம். சுத்திகரிப்பு என்பது அழுக்கை மாயமாக மறையச் செய்யும் வித்தையன்று. அது அழுக்கை நீரிலிருந்து பிரிக்கிறது; அவ்வளவே. இதுவரை கடல் சுமந்து வந்த பாரத்தில் ஒரு பகுதி இனி நிலத்தின் மீதும், மின்நிலையங்களின் மீதும், நகராட்சி வரவு செலவுத் திட்டத்தின் மீதும் இறங்கும். எங்கு, எவ்வளவு இறங்குகிறது என்பதைக் கட்டுமானத்திற்கு முன்பே கணக்கிட்டால்தான் அதைக் குறைக்க இயலும்.

இத்திட்டத்திற்கு முந்தைய ஏற்பாட்டை முதலில் நோக்க வேண்டும். வொர்லியிலும் பாந்த்ராவிலும் கழிவுநீரிலுள்ள மிதக்கும் பொருள்களைச் சல்லடையால் அகற்றி, மணலைப் படியச் செய்து, எஞ்சிய நீரைக் கடலடிச் சுரங்கக் குழாய் வழியே வெளியேற்றினர். இக்குழாய்கள் முறையே 3.4 கிலோமீட்டர், 3.7 கிலோமீட்டர் நீளமுள்ளவை. குழாயின் முனையில் பல துளைகள் உண்டு. உப்பற்ற கழிவுநீர் கடல்நீரைவிட இலேசானது. ஆதலால் அது துளைகளினின்று வெளிப்பட்டு மேலெழும்போதே சுற்றியுள்ள நீருடன் பன்மடங்கு கலந்து நீர்த்துவிடுகிறது. குறைந்த செலவில் கரையோரத்தைக் காக்கும் சிறந்த பொறியியல் உத்தி இது என்பதில் ஐயமில்லை. எனினும், நீர்த்துப்போவது வேறு, நீங்குவது வேறு.

மேலும், நகரின் எல்லாக் கழிவுநீரும் திறந்த கடலுக்குச் செல்வதில்லை. மலாட் கழிக்குள்ளும் தாணே கழிக்குள்ளும் பெரும்பகுதி விழுகிறது. மும்பைக் கடலில் பெருநீர் ஏற்றத்திற்கும் வற்றத்திற்கும் இடையே 4 மீட்டருக்கு மேலும் வேறுபாடு உண்டாவதுண்டு. ஆயினும் வற்றத்தின்போது கழியிலிருந்து வெளியேறிய நீரில் ஒரு பகுதி அடுத்த ஏற்றத்தில் திரும்ப உள்ளே வந்துவிடுகிறது. இத்தகைய ஒடுங்கிய நீர்நிலைகளில் கடலின் பரப்பைக் காட்டி ஆறுதல் கொள்வதற்கில்லை. தாணே கழியின் ஒரு பகுதி 2015இல் பூநாரைப் புகலிடமாக அறிவிக்கப்பட்டு, 2022இல் ராம்சார் ஈரநிலப் பட்டியலில் சேர்க்கப்பட்டது என்பதையும் இங்கே நினைவிற் கொள்ளலாம்.

ஆகவே விளைவைக் குறைக்கும் முதல் வழி, வெளியேறும் நீரின் தரத்தை அதை ஏற்கும் இடத்திற்கேற்ப நிர்ணயிப்பது. நீரிலுள்ள கரிமப்பொருள் சிதையும்போது எவ்வளவு பிராணவாயுவை உறிஞ்சும் என்பதை பி.ஓ.டி. என்ற அளவு காட்டுகிறது. சுத்திகரிக்காத வீட்டுக் கழிவுநீரில் இது பொதுவாக லிட்டருக்கு 200 மில்லிகிராமை ஒட்டியிருக்கும். 2017 அக்டோபரில் மத்திய அரசு வெளியிட்ட அறிவிக்கை பெருநகரங்களுக்கு 20 மில்லிகிராம் என வரம்பிட்டது. 2019 ஏப்ரலில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் இதனை 10 மில்லிகிராமாகக் குறைக்குமாறு ஆணையிட்டது. பி.ஓ.டி. குறைந்தால் போதாது. நைட்ரஜனும் பாஸ்பரஸும் எஞ்சினால் கழிகளில் பாசி பெருகி, அது மடிந்து அழுகும்போது பிராணவாயு மீண்டும் குன்றும். கிருமிகளைக் கொல்லக் குளோரினை மிகுதியாகச் சேர்த்தால் எஞ்சும் குளோரின் மீன் குஞ்சுகளுக்கு நஞ்சாகும். குளோரினை நீக்கிய பின் நீரை விடுவதோ, புற ஊதாக் கதிர்களைப் பயன்படுத்துவதோ செலவு கூடியதாயினும் கழிகளுக்குத் தக்கது.

கசடும் மின்சாரமும்

பொதுவிவாதத்தில் மிகக் குறைவாகப் பேசப்படுவதும், நடைமுறையில் மிகப் பெரும் தொல்லையாவதும் கசடுதான். ஒரு கிலோ பி.ஓ.டி. நீக்கப்படும்போது அரைக் கிலோ உலர்ந்த கசடு உண்டாவதாகக் குறைத்தே வைத்துக்கொள்வோம். நிலையங்கள் முழுக் கொள்ளளவில் இயங்கி, லிட்டருக்கு 190 மில்லிகிராம் நீக்கினால், நாளொன்றுக்கு 200 டன்னுக்கு மேல் உலர்ந்த கசடு சேரும். ஆனால் கசடு உலர்ந்த நிலையில் வருவதில்லை. பிழிந்தெடுத்த பின்னும் அதில் ஐந்தில் நான்கு பங்கு நீரே. ஆக, அகற்ற வேண்டியது ஆயிரம் டன்னுக்கு மேற்பட்ட ஈரக் கசடு. பத்து டன் ஏற்றும் லாரிகளில் நூற்றுக்கு மேற்பட்ட நடைகள், ஒவ்வொரு நாளும். 1927இல் தொடங்கப்பட்ட தேவனார் குப்பைக் கிடங்கு பட்ட பாட்டைக் கண்ட நகரம் இதை மற்றுமொரு குப்பைமேடாக ஏற்க முடியாது.

மூடிய கலன்களில் கசடைச் செரிக்கச் செய்வது இதற்கு ஒரு தீர்வு. கசடின் அளவு குறைகிறது, நாற்றம் அடங்குகிறது, எரிவாயுவும் கிடைக்கிறது. அவ்வாயுவைப் பிடிக்காமல் விட்டால் அதிலுள்ள மீத்தேன் வளிமண்டலத்தை வெப்பமாக்கும்; பிடித்தால் நிலையத்தின் மின்தேவையில் ஒரு பகுதியை நிறைவு செய்யும். அத்தேவையும் சிறிதன்று. ஆயிரம் லிட்டருக்கு 0.3 யூனிட் எனக் கொண்டாலும் 246 கோடி லிட்டருக்கு நாள்தோறும் 7 லட்சம் யூனிட்டுக்கு மேல் செலவாகும். செரித்த கசடை எருவாக்குவதற்குத் தொழிற்சாலைக் கழிவு சாக்கடையில் கலவாதிருப்பது முன்நிபந்தனை. கன உலோகம் கலந்த எருவை எந்த உழவரும் விரும்ப மாட்டார், விரும்பினாலும் கொடுக்கலாகாது.

கண்டல் மரங்களும் மீனவரும்

நிலையங்கள் அமையும் இடங்களிற் பல கண்டற் காடுகளை ஒட்டியவை. பொதுநலன் கருதி நீதிமன்றம் அனுமதித்தாலன்றி அம்மரங்களை அழிக்கலாகாது என 2018 செப்டம்பரில் பம்பாய் உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்துள்ளது. கடற்கரை ஒழுங்குமுறை மண்டல விதிகளும் உள்ளன. வெட்டிய மரங்களுக்கு ஈடாக வேறெங்கோ நடுவது சட்டத்தை நிறைவு செய்யலாம். வெள்ளத்தைத் தடுத்து மீன் குஞ்சுகளைப் பேணிய அந்தக் குறிப்பிட்ட சேற்றுநிலத்தை அது மீட்டுத் தருவதில்லை. தொட்டிகளை அடுக்கடுக்காக அமைத்துப் பரப்பைச் சுருக்குவதும், பழைய நிலையத்தின் வளாகத்திற்குள்ளேயே புதியதைக் கட்டுவதும் மேலானவை. ஆனால் அவ்வாறு கட்டும் ஆண்டுகளில் பழைய நிலையத்தின் இயக்கம் தடைப்படலாகாது. இடைக்காலத்தில் சுத்திகரிக்காத நீர் கழியில் பாய்ந்தால் அதுவே திட்டத்தின் முதல் தீங்காகிவிடும்.

வொர்லி, வெர்சோவா முதலிய இடங்களில் கோலி மீனவர் தலைமுறைகளாக வாழ்கின்றனர். கடல் மாசின் செலவை இதுகாறும் ரொக்கமாக அல்ல, மீன்பாட்டின் குறைவாகச் செலுத்தி வந்தவர்கள் இவர்களே. நகராட்சியின் கணக்குப் புத்தகத்தில் அச்செலவு ஒருபோதும் ஏறியதில்லை. கடலடிப் பணிகளின் காலத்தையும் வழித்தடத்தையும் அவர்களைக் கலந்து முடிவு செய்வது சலுகையன்று. நீரோட்டம் எந்தப் பருவத்தில் எத்திசையில் திரும்பும் என்பதை அவர்கள் நன்கறிவர்.

மறுபயன்பாட்டையும் மறக்கலாகாது. சூரத் மாநகராட்சி 2014 முதல் சுத்திகரித்த நீரைப் பாண்டேசரா தொழிற்பேட்டைக்கு விற்று வருகிறது. கடலுக்குச் செல்லும் ஒவ்வொரு லிட்டரும் குறையக் குறைய, தொலைவிலுள்ள ஏரிகளின் மீதான நெருக்கடியும் குறையும்.

இவையனைத்தும் கழிவுநீர் நிலையத்தை வந்தடைந்தால்தான் பயன்படும். 2011 மக்கட்தொகைக் கணக்கெடுப்பின்படி மும்பையில் ஐவரில் இருவர் குடிசைப் பகுதிகளில் வாழ்ந்தனர். பாதாளச் சாக்கடை எட்டாத பகுதிகளின் கழிவு மழைநீர் ஓடைகள் வழியே நேராகக் கடலை அடைகிறது. அவ்வோடைகளில் வறண்ட காலத்தில் ஓடும் நீரைத் தடுத்து நிலையங்களுக்குத் திருப்புவதும், அப்பகுதிகளுக்குச் சாக்கடை இணைப்பு வழங்குவதும் நிலையக் கட்டுமானத்துடன் ஒத்த வேகத்தில் நடைபெற வேண்டும். மழைக்காலத்திலோ நிலைமை தலைகீழாகிறது. விரிசலுற்ற குழாய்களில் மழைநீர் புகுந்து வரத்துப் பெருகும். கொள்ளளவை மீறிய நீர் சுத்திகரிக்கப்படாமலே வெளியேறும். பழைய குழாய்களைப் புதுப்பிக்கும் செலவும் இத்திட்டச் செலவின் ஒரு கூறே. கழிகளின் நீரை மாதந்தோறும் சோதித்து, முடிவுகளை மீனவர் குடியிருப்புகளிலும் வார்டு அலுவலகங்களிலும் மராத்தியில் எழுதி ஒட்டுவதற்கு ஆகும் செலவோ மிகச் சொற்பம்.