சும்மா நின்ற டிராக்டரை எடுக்கும் முன்: ஆயில் பம்புக்கு 'ஆயில் ஊட்டுவோம்'



நமது குழுக்கள் சிலவற்றில் கடன் வாங்கி பழைய டிராக்டர் எடுத்து வாடகைக்கு ஓட்டுகிறோம். ஓட்டுவது டிரைவர், பழுது பார்ப்பது மெக்கானிக். ஆனால் வண்டி நம்முடையது. இன்ஜின் போனால் வாடகை நின்றுவிடும், தவணை மட்டும் நிற்காது. அதனால் ஸ்டியரிங் பிடிக்காத நாமும் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு விஷயத்தை இந்த இதழில் பார்ப்போம்.

அறுவடை முடிந்து மாதக்கணக்கில் நின்ற வண்டியையோ, இன்ஜின் பிரித்து மாட்டிய வண்டியையோ அப்படியே ஸ்டார்ட் செய்யக்கூடாது. முதலில் ஆயில் பம்புக்கு ஆயில் ஏற்ற வேண்டும். மெக்கானிக்குகள் இதை 'பிரைமிங்' என்பார்கள்.

குச்சியில் ஆயில் இருக்கிறதே, அது போதாதா?

போதாது. ஆயில் குச்சி காட்டுவது இன்ஜினுக்கு அடியில் உள்ள சம்ப் தொட்டியில் இருக்கும் ஆயிலைத்தான். ஆயில் வேலை செய்ய வேண்டிய இடம் மேலே இருக்கிறது. கிராங்கைத் தாங்கும் மெட்டல், கேம், வால்வை அழுத்தும் ராக்கர் எல்லாவற்றுக்கும் ஆயில் பம்புதான் ஆயிலைத் தள்ளிவிடுகிறது. சம்பிலிருந்து சல்லடை வழியாக உறிஞ்சி, பில்டர் வழியாக மேலே அனுப்புகிறது.

மெட்டலுக்கும் கிராங்குக்கும் நடுவே ஏடு மாதிரி மெல்லிய ஆயில் படலம் இருக்கும். அந்தப் படலத்தின் மேல்தான் கிராங் சுற்றுகிறது. படலம் இல்லாவிட்டால் இரும்பும் மெட்டலும் நேராக உரசும். சூடேறி மெட்டல் உருகும், கடைசியில் இன்ஜின் 'பிடிச்சுக்கும்'. அப்புறம் கிராங்கைக் கடைந்து புது மெட்டல் போட்டால்தான் வண்டி நகரும்.

அடிபம்பை நினைச்சுப் பாருங்க

வீட்டு அடிபம்பு ரொம்ப நாள் அடிக்காமல் இருந்தால் என்ன செய்கிறோம்? மேலே ஒரு செம்பு தண்ணீர் ஊற்றிவிட்டு அடிக்கிறோம். அந்தத் தண்ணீர் வாசரைச் சுற்றிச் சந்தை அடைக்கும். காற்று ஒழுகாது, பம்பு உறிஞ்சும். ஊற்றாமல் அடித்தால் கை வலிக்குமே தவிர தண்ணீர் வராது.

ஆயில் பம்பும் அப்படித்தான். அதற்குள் இரண்டு பல்சக்கரமோ, ஒன்றுக்குள் ஒன்று சுற்றும் ரோட்டரோ இருக்கும். அவற்றைச் சுற்றி முடி அளவு சந்து உண்டு. அந்தச் சந்தை ஆயில்தான் அடைத்து வைக்கிறது. பம்பு காய்ந்துபோனால் சந்து வழியாகக் காற்று ஒழுகும், கீழே நிறைய ஆயில் இருந்தும் உறிஞ்சாது. சிம்சன் இன்ஜின் போட்ட பழைய மேசி டிராக்டரில் இந்தப் பம்பு சம்புக்குள்ளேயே இருக்கிறது. வெளியிலிருந்து பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது. மீட்டர் முள்தான் நமக்குச் சாட்சி.

எப்போதெல்லாம் செய்யணும்?

* வண்டி மாதக்கணக்கில் சும்மா நின்றிருந்தால்.
* இன்ஜின் வேலை பார்த்திருந்தால், பம்பைக் கழற்றி மாட்டியிருந்தால்.
* ஆயிலை வடித்துவிட்டு நாள்கணக்கில் விட்டிருந்தால்.

செய்யும் முறை

1. சமதளத்தில் நிறுத்தி, கியரை நியூட்ரலில் போட்டு, கை பிரேக் போடுங்கள். சேலைத் தலைப்பையும் பின்னலையும் செருகிக்கொள்ளுங்கள். பேன் பெல்ட் பக்கம் யாரும் நிற்க வேண்டாம்.

2. குச்சியை எடுத்து ஆயில் அளவு பாருங்கள். வண்டிப் புத்தகத்தில் சொன்ன கிரேடு ஆயிலே ஊற்ற வேண்டும். வடித்த பழைய ஆயில் வேண்டாம். புனலும் குவளையும் மண், தூசி இல்லாமல் துடைத்திருக்கட்டும்.

3. பம்பைக் கழற்றியிருந்தால், மாட்டும் முன் அதற்குள் சுத்தமான இன்ஜின் ஆயிலை ஊற்றிக் கையால் சுற்றி நிரப்பச் சொல்லுங்கள். சில மெக்கானிக்குகள் வாசலின் வைப்பார்கள், அது சூட்டில் கரைந்துவிடும். சக்கரத்துக்குப் போடும் கிரீஸ் மட்டும் கூடாது, அது ஆயில் போகும் துளையை அடைத்துவிடும்.

4. புது பில்டர் போடும்போது, வாய் மேலே பார்க்க மாட்டும் வகையானால் ஆயில் நிரப்பியே மாட்டலாம். பம்பு அந்த இடத்தை நிரப்பும் நேரம் மிச்சம்.

5. இன்ஜின் நிறுத்தும் கம்பியை இழுத்துப் பிடியுங்கள். டீசல் போகாது, இன்ஜின் பற்றாது. அப்படியே பத்து வினாடி செல்ப் அடியுங்கள். ஒரு நிமிடம் விட்டு மறுபடி அடியுங்கள். செல்ப் மோட்டாரும் பேட்டரியும் சூடாகாமல் இருக்கத்தான் இந்த இடைவெளி. ஆயில் மீட்டர் முள் ஏறும் வரை, அல்லது சிவப்பு லைட் அணையும் வரை இப்படிச் செய்யணும்.

6. ஐந்தாறு தடவை அடித்தும் முள் அசையவில்லையா? ஸ்டார்ட் செய்யாதீங்க. மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். மீட்டர் கெட்டிருக்கலாம், சல்லடை அடைத்திருக்கலாம், பம்பே உறிஞ்சாமல் இருக்கலாம். எது என்று பார்த்த பிறகுதான் அடுத்த வேலை.

7. முள் ஏறிய பிறகு கம்பியை விட்டு ஸ்டார்ட் செய்து, மெதுவான ஓட்டத்தில் சில நிமிடம் விடுங்கள். ஸ்டார்ட் ஆன பத்து வினாடிக்குள் முள் ஏறாவிட்டால் உடனே நிறுத்துங்கள். 'ஓட ஓடச் சரியாயிடும்' என்ற பேச்சே வேண்டாம்.

கவனிக்க இரண்டு விஷயம்

டிரைவர் 'ஏர் எடுத்தாச்சு' என்பார். அது டீசல் குழாயில் உள்ள காற்றை எடுப்பது, ஆயிலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. முதலில் ஆயில் ஏற்றி முள்ளைப் பார்ப்போம். ஏர் எடுக்கும் வேலை அதற்குப் பிறகு.

பேட்டரி இறங்கிவிட்டது என்று, நின்ற வண்டியைத் தள்ளியோ இழுத்தோ ஸ்டார்ட் செய்ய விடாதீர்கள். ஆயில் மேலே ஏறும் முன்பே இன்ஜின் பற்றி, வேகமாகச் சுற்ற ஆரம்பித்துவிடும். பேட்டரியைச் சார்ஜ் செய்து வரும் வரை காத்திருப்பதே லாபம்.

இவ்வளவுக்கும் அரைமணி நேரம் ஆகுமா? அந்த அரைமணி ஒரு சீசன் வாடகையைக் காப்பாற்றும். அடுத்த குழுக் கூட்டத்தில் இதை வாசித்துக் காட்டி, 'நின்ற வண்டியை எடுக்கும் அன்று ஓர் உறுப்பினர் பக்கத்தில் நின்று மீட்டர் முள்ளைப் பார்க்க வேண்டும்' என்று தீர்மான நோட்டில் எழுதி வைப்போம். யார் பார்த்தார், எந்தத் தேதி என்பதையும் வண்டி நோட்டில் குறிப்போம். மெக்கானிக் வேலை நமக்குத் தெரிய வேண்டியதில்லை. 'முள் ஏறிடுச்சா?' என்று கேட்கத் தெரிந்தால் போதும்.