எண்ணைச் சொல், பிறகு ஆடு
ஒரு சீட்டுக்கட்டும் அதன் நடுவர்களும்

1

‘சீட்டாட்டத்தப் பத்தி எழுதுறதுக்கு என்னய்யா இருக்கு?’ என்று கேட்கிற நண்பர்கள் எனக்கு உண்டு. விதிகள் எப்படி எழுதப்படுகின்றன, எழுதியவரின் நோக்கத்தை மீறி எப்படி வாசிக்கப்படுகின்றன, அந்த வாசிப்பை நிர்வாகம் எப்படி எதிர்கொள்கிறது என்ற மூன்று கேள்விகளை நாம் இலக்கியத்திலும் அரசியலிலும் ஓயாமல் பேசி வருகிறோம். இந்த மூன்றையும் ஒரு மேஜையின் பரப்புக்குள் வைத்துப் பார்க்க முடியுமென்றால் பார்ப்பதில் தவறில்லை என்பதே என் பதில்.

நான் பேச எடுத்துக்கொள்வது ரம்மியோ இருபத்தெட்டோ அல்ல. ‘மேஜிக்: த கேதரிங்’ என்ற அமெரிக்கச் சீட்டாட்டம். சேர்மானக் கணிதம் படித்த ரிச்சர்ட் கார்ஃபீல்ட் உருவாக்கி, விசர்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட் என்ற நிறுவனம் 1993இல் வெளியிட்டது. 1999இல் பொம்மை வியாபாரத்தில் பெரும்புள்ளியான ஹாஸ்ப்ரோ அந்த நிறுவனத்தை விலைக்கு வாங்கிக்கொண்டது. நமக்குத் தெரிந்த சீட்டாட்டத்தில் இருவருக்கும் பொதுவாக ஒரே கட்டு. இதில் ஆளுக்கொரு கட்டு. அதை ஆடுபவரே கட்டமைத்துக்கொண்டு வர வேண்டும். குறைந்தது 60 சீட்டுகள். அடிப்படை நிலச் சீட்டுகள் நீங்கலாக ஒரே பெயருள்ள சீட்டு நான்குக்கு மேல் கூடாது. முதல் கையில் 7 சீட்டு. ஒவ்வொருவருக்கும் 20 உயிர்ப் புள்ளி. எதிராளியின் புள்ளியைப் பூஜ்யமாக்கினால் வெற்றி.

சீட்டுகளில் இருப்பவை எண்களும் ராஜா ராணியும் அல்ல, வாக்கியங்கள். ‘இது நடந்தால் அது நடக்கும்’ என்கிற வடிவிலான கட்டளை வாக்கியங்கள். இதுவரை அச்சான இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட வெவ்வேறு சீட்டுகளில் ஒவ்வொன்றும் ஒரு குட்டிப் பிரதி. ஆடுபவர் முதலில் ஒரு வாசகர், பிறகுதான் ஆட்டக்காரர்.

2

பெரும்பாலான கட்டுகள் நிறுவனம் எதிர்பார்த்தபடியே இயங்குகின்றன. நிலத்தை இறக்குவது, நிலத்திலிருந்து சக்தி எடுப்பது, அந்தச் சக்தியால் உயிரிகளை வரவழைத்துத் தாக்குவது. ‘காம்போ’ கட்டு வேறு சாதி. தனித்தனியே படித்தால் சாதுவாகத் தெரியும் இரண்டு மூன்று வாக்கியங்களை அது பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறது. அப்போது எந்த ஒன்றிலும் இல்லாத ஓர் அர்த்தம் பிறக்கிறது. 1997இல் பாரிஸில் நடந்த தொழில்முறைப் போட்டியில் மைக் லாங் ‘பிராஸ்புளூம்’ என்ற காம்போ கட்டுடன் வென்ற பிறகு இந்த வாசிப்பு முறையை யாரும் விளையாட்டுத்தனம் என்று ஒதுக்கவில்லை.

நான் எடுத்துக்கொள்ளும் கட்டுக்குப் பெயர் ‘ஃபோர் ஹார்ஸ்மென்’. வெளிப்படுத்தின விசேஷத்தில் உலக முடிவில் வருகிற நான்கு குதிரை வீரர்கள். பழைய சீட்டுகளை அனுமதிக்கும் ‘லெகசி’ என்ற ஆட்ட வகையைச் சேர்ந்தது. இதன் உறுப்புகளைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்ப்போம். ஏனென்றால் சிக்கல் முழுக்க அந்த வாக்கியங்களுக்குள்தான் இருக்கிறது.

‘பாஸால்ட் மோனோலித்’ (இனி தூண்) 1993இன் முதல் பதிப்பிலேயே வந்தது. சாய்த்து வைத்தால் மூன்று அலகு சக்தி தரும். தானாக நிமிராது; மூன்று அலகு கொடுத்தால் நிமிரும். வாங்கியதும் கொடுத்ததும் சரிக்குச் சரி, லாபம் ஒன்றுமில்லை.

‘மெஸ்மெரிக் ஆர்ப்’ (இனி கோளம்) 2003இல் வந்தது. மேஜையில் எந்தச் சீட்டு நிமிர்ந்தாலும் அந்தச் சீட்டைக் கையாள்பவர் தன் கட்டின் மேல் சீட்டை இடுகாட்டில் போட்டுவிட வேண்டும் என்கிறது. எதிராளியின் கட்டை அரித்துத் தீர்க்க உதவும் சீட்டு.

இரண்டையும் சேருங்கள். தூணைச் சாய்த்து மூன்று எடுக்கிறோம். அதே மூன்றைக் கொடுத்து நிமிர்த்துகிறோம். தூணின் கணக்கில் எதுவும் நடக்கவில்லை. கோளத்தின் கணக்கில் ஒரு நிமிர்தல் நடந்திருக்கிறது. நம் கட்டிலிருந்து ஒரு சீட்டு இடுகாட்டுக்குப் போகிறது. இதை எத்தனை முறை வேண்டுமானாலும் செய்யலாம். பத்து வருட இடைவெளியில் எழுதப்பட்ட இரு வாக்கியங்கள் சேர்ந்து ஒரு யந்திரமாகிவிட்டன.

தன் கட்டையே இடுகாட்டில் கொட்டுவது தற்கொலை போலத் தோன்றும். ஆனால் ‘நார்கோமீபா’ (2007) என்ற உயிரி கட்டிலிருந்து இடுகாட்டில் விழுந்தால் நேரே மேஜைக்கு வந்துவிடலாம். ‘ட்ரெட் ரிட்டர்ன்’ (2006, இனி மீட்பு) இடுகாட்டில் கிடந்தபடியே ஆடக்கூடியது: மூன்று உயிரிகளைப் பலி கொடுத்தால் இடுகாட்டிலிருந்து ஓர் உயிரியை மீட்டுத் தரும். மீட்கப்படுவது ‘ஷரூம்’ (2008). அது வந்த கையோடு இடுகாட்டிலுள்ள ஒரு கருவியை மேஜைக்குக் கொண்டுவரும். அந்தக் கருவி ‘பிளாஸ்டிங் ஸ்டேஷன்’ (2004, இனி பீரங்கி). பீரங்கியைச் சாய்த்து ஓர் உயிரியைப் பலி கொடுத்தால் எதிராளிக்கு ஒரு புள்ளி சேதம். புதிதாக உயிரி வரும்போதெல்லாம் பீரங்கி நிமிரும்.

கடைசியாக ‘எம்ரகூல்’ (2010). ஆட்டத்தின் ராட்சச உயிரிகளில் ஒன்று. இது இடுகாட்டில் விழுந்தால் இடுகாடு முழுவதையும் கட்டோடு சேர்த்துக் கலைக்க வேண்டும். இப்படிப்பட்ட ராட்சசனை இடுகாட்டில் தள்ளிவிட்டு, மலிவான மந்திரத்தால் மீட்டு வந்து யாரும் குறுக்கு வழியில் ஜெயித்துவிடக் கூடாது என்பதற்காக வைத்த பூட்டு அந்த வாக்கியம். இந்தக் கட்டில் அந்தப் பூட்டே யந்திரத்தின் அச்சாணி. கட்டு தீர்ந்துபோகாமல் திரும்பத் திரும்ப நிரப்பித் தருவது எம்ரகூல்தான். ஒரு வகை மீறலைத் தடுக்க எழுதிய வாக்கியம் இன்னொரு வகை மீறலுக்கு எரிபொருள் ஆகிவிடுகிறது. ஆசிரியனின் நோக்கம் பற்றி நாம் பேசிய பேச்செல்லாம் இங்கே கண்ணெதிரே நடக்கிறது.

3

கட்டமைப்பதில் ஒரு கணக்கு உண்டு. தூணும் கோளமும் கைக்கு வந்தே ஆக வேண்டும். ஆகவே இரண்டிலும் நான்கு நான்கு. அப்படி வைத்தாலும் முதல் 7 சீட்டில் இரண்டும் சேர்ந்து வர நூற்றுக்குப் பதினான்கு பதினைந்து வாய்ப்புதான். அதனால் நிலத்துக்குப் போக மீதி இடங்களைத் தேடும் சீட்டுகளுக்கும் காக்கும் சீட்டுகளுக்கும் ஒதுக்க வேண்டும். மாறாக மீட்பு, ஷரூம், பீரங்கி, எம்ரகூல் ஆகியவை ஒவ்வொன்று போதும். அவை கையில் வர வேண்டியவை அல்ல, இடுகாட்டில் விழ வேண்டியவை. கைக்கு வந்தால் சனியன்.

இனி ஆட்டம். தூணும் கோளமும் இறங்கிவிட்டன. முதலில் நார்கோமீபாக்களைத் திரட்ட வேண்டும். எம்ரகூல் விழுந்து ‘கலை’ என்கிற கட்டளை நிறைவேறக் காத்திருக்கும்போதே, அதற்கு மேலாகத் தூணைச் சாய்த்து நிமிர்த்திக்கொண்டே இருந்தால் மிச்சக் கட்டு முழுவதும் கொட்டிவிடும். நான்கு நார்கோமீபாவும் மேஜைக்கு வந்துவிடும். பிறகு எல்லாம் கலைந்து புதுக் கட்டாகிறது.

அடுத்த வேலைதான் கடினம். மீட்பு என்பது எல்லாம் ஓய்ந்திருக்கும் நேரத்தில் மட்டும் ஆடக்கூடிய சீட்டு; கலைக்கும் கட்டளை காத்திருக்கும்போது ஆட முடியாது. எனவே மீட்பு, ஷரூம், பீரங்கி மூன்றும் எம்ரகூலுக்கு முன்னால் விழ வேண்டும். முந்திக்கொண்டு எம்ரகூல் விழுந்தால் திரும்பவும் கலைத்து முதலிலிருந்து. நான்கு சீட்டுகளில் குறிப்பிட்ட ஒன்று கடைசியாக வர வாய்ப்பு நான்கில் ஒன்று. ஒரு சுற்றில் தோற்க வாய்ப்பு நான்கில் மூன்று. பத்துச் சுற்றிலும் தோற்க நூற்றுக்கு 6க்கும் குறைவு. இருபது சுற்றிலும் தோற்க ஆயிரத்துக்கு மூன்று. அதாவது வெற்றி அநேகமாக நிச்சயம். ஆனால் எந்தச் சுற்றில் என்று எவராலும் சொல்ல முடியாது.

பீரங்கி வந்துவிட்டால் மிச்சம் சுலபம். ஒவ்வொரு சுற்றிலும் கட்டு முழுவதையும் கொட்டி, நான்கு நார்கோமீபாவையும் வரவழைத்துப் பலியிட்டு நான்கு புள்ளி எடுக்கலாம். இருபது புள்ளிக்கு ஐந்து சுற்று. இங்கே எண் சொல்ல முடிகிறது. முன்பாதியில் முடியவில்லை. எல்லாம் இந்த வித்தியாசத்தில்தான் தொங்குகிறது.

4

இந்தக் கட்டின் எந்தச் சீட்டும் இந்தக் காரணத்துக்காகத் தடை செய்யப்படவில்லை. தடுப்பது ஆட்ட விதி அல்ல, போட்டி நடத்தும் விதி. ஒரே செயலை வட்டமாகத் திரும்பச் செய்பவர் ஒவ்வொரு முறையும் கையால் செய்து காட்ட வேண்டியதில்லை. ‘இத்தனை முறை செய்கிறேன், முடிவில் நிலைமை இது’ என்று எண்ணையும் முடிவையும் சொன்னால் போதும், நடந்ததாக எடுத்துக்கொள்ளப்படும். பத்து லட்சம் முறை என்றாலும் சரி. ஆனால் நிகழ்தகவை நம்பியிருக்கும் வட்டத்துக்கு இந்தச் சலுகை கிடையாது. அத்தோடு நிற்கவில்லை. அப்படிப்பட்ட வட்டத்தில் முன்பிருந்த அதே நிலைமை மறுபடி வந்துவிட்டால் ஆட்டக்காரர் நிறுத்திவிட வேண்டும். எண் சொல்ல முடியாமல் தொடர்ந்தால் ‘மெதுவாக ஆடுதல்’ என்ற குற்றம். முதலில் எச்சரிக்கை, திரும்பச் செய்தால் ஆட்டத்தையே இழக்க நேரலாம்.

‘அதே நிலைமை’ என்பது எது? எம்ரகூல் முந்தி விழுந்து எல்லாம் கலைந்த பிறகு மேஜையைப் பாருங்கள். தூண், கோளம், நான்கு நார்கோமீபா, காலியான இடுகாடு, வரிசை தெரியாத கட்டு. போன சுற்றின் தொடக்கத்திலும் இதேதான். நடுவரின் கண்ணுக்கு எதுவும் நடக்கவில்லை. ஆடுபவருக்கோ கட்டுக்குள் இருக்கும் வரிசை வேறு. இது புதிய முயற்சி. தெரியாத ஒரு வரிசையும் தெரியாத இன்னொரு வரிசையும் ஒன்றேதான் என்கிறது நிர்வாகம். தோற்ற முயற்சி மேஜையில் தடயம் எதையும் விடுவதில்லை. தடயம் இல்லாததைக் கணக்கில் கொள்ள அதற்கு வழியில்லை.

ஆக, முடிவை முன்கூட்டியே அறிந்தவருக்கு உழைப்பிலிருந்து விலக்கு. அறியாதவர் உழைத்துத்தான் ஆக வேண்டும். ஆனால் உழைக்க ஆரம்பித்தால் அந்த உழைப்பே குற்றம்.

5

இதை உடனே அதிகாரத்தின் சதி என்று எழுதிவிட்டு நகர்வது எளிது. நான் அப்படி வாசிக்கவில்லை. எதிரே ஒரு மனிதர் உட்கார்ந்திருக்கிறார். ஒரு ரவுண்டுக்கு 50 நிமிடம்; அதற்குள் மூன்று ஆட்டம் வரை முடிய வேண்டும். நாம் கலைத்துக் கலைத்துப் போடுவதை அவர் சும்மா பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். நம் மீறலின் செலவை அவருடைய நேரத்திலிருந்து எடுக்கிறோம். எதிர்ப்பு பற்றி எழுதும் நாம் இந்தச் செலவுக் கணக்கை அடிக்கடி விட்டுவிடுகிறோம். விதிக்கு ஒரு நியாயம் இருக்கிறது.

நியாயம் இருக்கிறது என்பதால் அது நடுநிலையானது என்று ஆகிவிடாது. ஒப்பிட ஓர் உதாரணம். ‘எக்ஸ்’ என்ற இன்னொரு காம்போ கட்டு. ஒரே முறையில் வெகுநேரம் இழுத்துக்கொண்டு போகக்கூடியது. 2012இல் தொழில்முறைப் போட்டி ஒன்றிலேயே வென்றது. 2013இல் நிறுவனம் அதன் அச்சாணியான ‘செகண்ட் சன்ரைஸ்’ சீட்டை, அந்தக் கட்டு ஆடப்பட்ட ‘மாடர்ன்’ வகையில் தடை செய்தது. போட்டிகள் தாமதமாகின்றன என்ற காரணத்தையும் வெளிப்படையாகச் சொன்னது. அது தடை. பட்டியலில் பெயர் வந்தது, தேதி வந்தது, காரணம் வந்தது. ஏற்பவர்கள் ஏற்றார்கள், மறுப்பவர்கள் மறுத்தார்கள். அந்தத் தடையோடு வாதாட முடியும்.

குதிரை வீரர்களுக்கு நேர்ந்தது இது அல்ல. அந்தக் கட்டு இன்றும் காகிதத்தில் சட்டபூர்வமானது. பதிவு செய்து மேஜைக்குக் கொண்டுபோகலாம். அங்கே அதற்குத் ‘தாமதம்’ என்று பெயர் வைக்கிறார்கள். வாசிப்பின் மேல் வைத்திருக்க வேண்டிய தீர்ப்பை ஆடுபவரின் நடத்தையின் மேல் வைக்கிறார்கள். தடை செய்யப்பட்ட பிரதிக்கு ஒரு வரலாறு கிடைக்கும். நடைமுறையில் ஓட்டமுடியாமல் போன பிரதிக்கு அதுவும் கிடைக்காது. ‘ஆட வேணாம்னு யாருப்பா சொன்னா?’ என்ற பதில்தான் கிடைக்கும்.

‘எத்தனை முறை, எப்போது முடியும், முடிவில் என்ன கிடைக்கும், எழுதிக் கொடு’ என்று கேட்கிற மேஜைகளுக்கு முன்னால் நின்றவர்கள் இந்த இதழின் வாசகர்களில் பலர் இருப்பார்கள். அவர்களுக்கு ஒன்றைச் சொல்லத் தோன்றுகிறது. நம்மைத் தடுக்கும் விதியைத் தடைப் பட்டியலில் மட்டும் தேடாதீர்கள். கடிகாரத்திலும் தேடுங்கள். எதை முயற்சி என்றும் எதை வெறும் திரும்பல் என்றும் எண்ணுகிறார்கள் என்ற கணக்கிலும் தேடுங்கள்.

நாங்கள் நாலைந்து பேர் இந்தக் கட்டை ஜெராக்ஸ் எடுத்து, வெட்டி, பழைய சீட்டுகளின் மேல் சொருகி ஆடுகிறோம். அங்கீகரித்த போட்டிகளில் ஜெராக்ஸ் சீட்டுக்கு இடமில்லை என்பதால் நடுவரும் இல்லை, 50 நிமிடமும் இல்லை. எதிரே இருப்பவர் எத்தனை கலைப்பு பொறுப்பார் என்பதை ஒவ்வொரு முறையும் அவரிடமே கேட்டுத் தீர்மானிக்கிறோம். சில நாள் ஏழு என்பார், சில நாள் ‘போதும்ப்பா, நீயே ஜெயிச்சதா வெச்சுக்க’ என்பார். போன வாரம் ஒருவர் பதினொன்றாவது கலைப்பு வரை உட்கார்ந்திருந்தார். அதுவும் எம்ரகூல்தான். சிரித்துவிட்டுக் கட்டை வாங்கி, பன்னிரண்டாவதை அவரே கலைத்துக் கொடுத்தார்.