மழைக்கால மலையகத்தில் சைக்கிள்: பாதையைத் தாங்கும் கான்கள்

மலையகத்துக்குச் சைக்கிள் ஓடப் போகிறேன் என்றதும் கிளிநொச்சி நண்பர்கள் சிரித்தார்கள். பொருளாதாரத் தடைக் காலத்தில் பெற்றோல் இல்லாத வன்னியில் விறகு, நெல், நோயாளி எல்லாம் சைக்கிளில்தான் போயின. தேயிலைத் தோட்டத்தில் அப்படி ஒரு காலம் இருந்ததில்லை. அந்த ஏற்ற இறக்கங்களில் கொழுந்து மனிதர்களின் தலையிலும் முதுகிலும்தான் போனது. ஆனால் இன்று அதே தோட்டப் பாதைகளில் வெளிநாட்டுப் பயணிகள் நடக்கிறார்கள், சிலர் சைக்கிளும் ஓட்டுகிறார்கள்.

காரணம் 'பெக்கோ ட்ரெயில்'. கண்டிக்கு அருகே ஹந்தானையில் தொடங்கி, ஹற்றன், ஹப்புத்தளை, எல்ல பக்கங்களைச் சுற்றி நுவரெலியாவில் முடியும் இந்தப் பாதை 300 கிலோமீற்றருக்கும் அதிகமானது. 22 கட்டங்களாகப் பிரித்திருக்கிறார்கள். ஐரோப்பிய ஒன்றியமும் அமெரிக்க உதவி நிறுவனமான யுஎஸ்எய்டும் நிதி வழங்கின. புதிதாக வெட்டிய வழி என்று அதில் அதிகம் இல்லை. பெரும் பகுதி, தேயிலையைத் தொழிற்சாலைக்கும் ரயிலுக்கும் கொண்டுபோக வெள்ளைக்காரர் காலத்தில் தொழிலாளர்களைக் கொண்டு போட்ட வீதிகள்தான். நடப்பதற்கென அமைந்த பாதை என்றாலும் பல இடங்களில் சைக்கிள் ஓடும். ஓடாத இடத்தில் தள்ள வேண்டும்.

நானும் ஒரு நண்பரும் ஜூன் மாதத்தில் நோர்வூட்டிலிருந்து கொட்டகலை வழியாக வட்டகொடை வரை போனோம். இரண்டு நாளும் மழை. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று மேற்குச் சரிவுகளில் மோதுவதால், ஹற்றன் பக்கம் நாள் முழுக்கப் பெய்யும். அதே நேரத்தில் மலைக்கு அப்பால் ஊவாவில், பண்டாரவளை, எல்ல பக்கம், மழை குறைவு. வருட முடிவில் வடகீழ்ப் பருவக்காற்று வரும்போது ஊவாவின் முறை. ஹற்றன் பக்கம் போக விரும்புபவர்களுக்கு ஜனவரி முதல் மார்ச் வரை நல்ல காலம். மழையில்தான் போவதென்றால் பிரேக் நன்றாகப் பிடிக்க வேண்டும். சிறிய கியர் வேண்டும். அட்டைக்கு உப்பும் வேண்டும்.

இந்த வழியில் ஒரு நீர்ப்பிரிமேட்டைக் கடக்கிறோம். நோர்வூட், டிக்கோயாவில் விழும் மழை காசல்ரீ நீர்த்தேக்கத்தில் சேர்ந்து, களனி கங்கையாகிக் கொழும்புக்குப் போகிறது. கொட்டகலை, தலவாக்கலையில் விழும் மழை கொத்மலை ஓயாவில் இறங்கி மகாவலியில் சேர்கிறது. மூதூருக்கு அருகே கொட்டியாரக் குடாவில் கலப்பது அந்தத் தண்ணீர்தான். 2012இல் இயங்கத் தொடங்கிய மேல் கொத்மலை மின்நிலையமும் அதே ஓயாவை நம்பித்தான் இருக்கிறது.

இவ்வளவு மழையில் ஒரு மண் வீதி நூறு வருடங்களுக்கு மேல் எப்படித் தாங்கும்? விடை, பாதையோரம் கூடவே ஓடும் சிறு கால்வாய்களில் இருக்கிறது. தோட்டத்தில் அதற்குக் 'கான்' என்று பெயர். தேயிலை நிரைகளுக்கு நடுவே, மலைக்குக் குறுக்காக, சிறு சாய்வோடு அதை வெட்டுவார்கள். மழைநீர் நேராகக் கீழே பாயாமல் இதற்குள் விழுந்து மெதுவாகப் போகும். கானுக்குள் இடையிடையே சிறு மண்திட்டுகளை விட்டிருந்தால், அடித்து வரும் மண் அங்கே தங்கும். கடைசியில் எல்லாக் கான்களும் மேலிருந்து கீழே இறங்கும் கல் கட்டிய பெரிய கானில் சேரும்.

கான் வெட்டுவது தோட்டத்தில் ஆண்களின் வேலை. கொட்டகலைக்கு அருகே, படங்கைத் தலையில் போட்டுக்கொண்டு மண் அள்ளிக்கொண்டிருந்த முதியவரிடம், "மழையிலயும் வேலையா ஐயா?" என்று கேட்டேன். "மழையிலதான் தம்பி கான் பாக்கணும். மண்ணு அடைச்சிருச்சின்னா தண்ணி ரோட்டுக்கு வந்துரும். ரோட்டையும் தாண்டிருச்சின்னா லயத்துக்குத்தான் வரும்," என்றார். முன்பு இதற்கென்றே ஆட்கள் இருந்தார்களாம். இப்போது ஆள் குறைந்து, பல மலைகளில் கான் தூர்ந்து கிடக்கிறது என்றார். அன்று நாங்கள் சைக்கிளைத் தள்ளிய இடங்களில் பலவும் கான் நிரம்பி வீதி அரிக்கப்பட்ட இடங்கள்தான்.

கான் மட்டும் எல்லாச் சரிவையும் தடுத்துவிடாது. ஆனால் வடிய வழியில்லாத நீர் மண்ணுக்குள் இறங்கினால், மண் பாரமாகி, பிடிப்பை இழக்கிறது. 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்களே புதைந்தன. அங்கு ஆபத்து இருப்பதாக அதற்கு முன்னரே எச்சரிக்கப்பட்டிருந்தது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின்போது மலையகத்தின் பல மாவட்டங்களில் சரிவுகள் உயிர்களை எடுத்தன.

தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கைகளை மூன்று நிறங்களில் விடுக்கிறது. மஞ்சள் என்றால் விழிப்பாக இருக்க வேண்டும். செம்மஞ்சள் என்றால் வெளியேறத் தயாராக வேண்டும். சிவப்பு என்றால் உடனே வெளியேற வேண்டும். மழையில் பயணம் போகிறவர்கள் காலையில் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். செம்மஞ்சள் வந்தால் பயணத்தை நிறுத்தி ரயில் ஏறிவிடலாம்.

லயத்தில் இருப்பவர்களுக்கு ஏற ரயில் இல்லை. பாடசாலையிலோ கோயிலிலோ சில நாள் தங்கிவிட்டு, மழை விட்டதும் அதே சரிவுக்குத் திரும்புகிறார்கள். வேறிடத்தில் வீடு கட்டச் சொந்தக் காணி இல்லை. ஏழு பேர்ச் காணி என்ற வாக்குறுதி பலருக்கு இன்னும் உறுதிப் பத்திரமாக வந்து சேரவில்லை. 1977 வன்முறைக்குப் பின் இதே தோட்டங்களிலிருந்து வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் வந்து காடு வெட்டிக் குடியேறியவர்கள் எங்களோடு சேர்ந்து முள்ளிவாய்க்கால் வரை இடம்பெயர்ந்தார்கள். காணி இல்லாமல் பாதுகாப்பு இல்லை என்பதை முகாமில் இருந்து மீண்ட எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பெக்கோ பாதையைப் பேணுவது பற்றிப் பேசும்போது, அந்தப் பாதையின் கானை வெட்டுகிறவரின் காணியைப் பற்றியும் பேச வேண்டும்.