வீட்டிலுள்ள பிளாஸ்டிக் பை: எதற்கு ஆகும், எதற்கு ஆகாது?



நம் தஞ்சைத் தரணியில் கொல்லைப்புறத்தில் மடித்துப் போட்ட உரச் சாக்கும், அடுப்படியில் செருகி வைத்த பிளாஸ்டிக் பையும் இல்லாத வீடு அபூர்வம். ஒருமுறை உபயோகித்துத் தூக்கியெறியும் பிளாஸ்டிக் பைகளுக்கு 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை இருக்கிறது. 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கமும் தொடங்கப்பட்டது. இருந்தாலும் பால் உறையும் உரச் சாக்கும் வீட்டுக்கு வந்துகொண்டுதான் இருக்கின்றன. பழைய பைகளும் கிடக்கின்றன.

வந்த பொருளை வீணாக்காமல் எடுத்து வைப்பது நம் குடும்பப் பெண்களின் நல்ல சுபாவம். அந்தச் சிக்கனத்தைக் குறை சொல்ல வரவில்லை. ஆனால், பையைத் திரும்ப உபயோகிக்கும் முன் இரண்டு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள். முன்னே இதில் என்ன இருந்தது? கடைசியில் இது எங்கே போய்ச் சேரும்? இந்த இரண்டுக்கும் பதில் தெரிந்தால் போதும், தவறு வராது.

முதல் கேள்வியை எடுத்துக்கொள்வோம். யூரியா சாக்கு இப்போது 45 கிலோ மூட்டையாக வருகிறது. கொட்டிய பிறகும் தையல் மடிப்பில் கொஞ்சம் உரம் ஒட்டிக்கொண்டுதான் இருக்கும். அந்தச் சாக்கில் தவிடோ பிண்ணாக்கோ போட்டு வைக்காதீர்கள். யூரியா மாட்டின் வயிற்றுக்குள் போனதும் அம்மோனியாவாக மாறி ரத்தத்தில் கலக்கிறது. மாடு நடுங்கும், நுரை தள்ளும், வயிறு உப்பும், கீழே விழுந்துவிடும். சில மணி நேரத்தில் உயிரே போய்விடலாம். சாக்கு அலசிய தண்ணீரைக் குடித்தாலும் இதே கதிதான். ஆகவே சாக்கை மாட்டுத் தொட்டியிலோ குளத்திலோ அலசக் கூடாது. வயலிலேயே உதறி, அலசிய தண்ணீரைப் பயிருக்கே ஊற்றிவிடுங்கள். உரம் பயிருக்குச் சேரும், மாடும் பிழைக்கும். அலசிக் காயவைத்த சாக்கு எரு அள்ள, தேங்காய் மட்டை கட்ட உதவும். சாப்பாட்டு நெல்லுக்கும் அரிசிக்கும் மட்டும் வேண்டாம்.

பூச்சிமருந்து வந்த உறை, டப்பா, பாட்டில் எதுவானாலும் மறு உபயோகம் என்ற பேச்சே கிடையாது. எத்தனை தடவை கழுவினாலும் அதில் எண்ணெயோ குடிதண்ணீரோ ஊற்றி வைக்கக் கூடாது. மருந்து அடித்து முடித்ததும் டப்பாவை மூன்று முறை அலசி, அந்தத் தண்ணீரைத் தெளிப்பானிலேயே சேர்த்து, டப்பாவை ஓட்டை போட்டுவிடுங்கள். ஓட்டை டப்பாவை யாரும் எடுத்துப் புழங்க மாட்டார்கள்.

அடுத்து விதைநெல். கெட்டியான பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டினால் பூச்சி வராது என்று சிலர் நினைக்கிறார்கள். நெல்லுக்கும் மூச்சு உண்டு. ஈரம் உள்ள நெல்லைக் காற்றுப் புகாமல் கட்டினால் உள்ளே வியர்த்துப் பூஞ்சணம் பிடிக்கும், முளைப்புத் திறன் போய்விடும். நன்றாகக் காயவைத்து, ஈரப்பதம் 13 சதத்துக்குள் வந்த விதையைச் சணல் சாக்கிலோ துணிப் பையிலோ கட்டுங்கள். அடுத்த பட்டம் வரை அது தாங்கும். பிளாஸ்டிக் பையில் அடைத்துக் கட்டுவதென்றால் ஈரம் 8 சதம் அளவுக்கு இறங்க வேண்டும். அது நம் களத்து வெயிலில் சுலபத்தில் ஆகிற காரியமல்ல.

சரி, எதற்குத்தான் ஆகும்? அரை லிட்டர் பால் உறையைக் கழுவி, அடியில் நாலு ஓட்டை போடுங்கள். மண், மணல், மக்கிய எரு மூன்றும் சம பங்கு கலந்து நிரப்பி, இரண்டு முருங்கை விதை ஊன்றுங்கள். 35, 40 நாளில் கன்று தயார். பப்பாளி என்றால் 60 நாள் ஆகும். நடும்போது உறையைக் கிழித்து எடுத்துவிட்டு, மண்கட்டி உடையாமல் கன்றை மட்டும் குழியில் வையுங்கள். உறையோடு புதைத்தால் வேர் உள்ளேயே சுற்றிக்கொண்டு நிற்கும்.

உரச் சாக்கு மழைக்காலத்தில் கரை உடைப்பை அடைக்கக் கைகொடுக்கும். வாய் வரை மணலைத் திணிக்காமல் முக்கால் சாக்குக்கும் குறைவாகப் போட்டுக் கட்டுங்கள். அப்போதுதான் மூட்டை படிந்து உட்காரும். செங்கல் அடுக்குவதுபோல் மாற்றி மாற்றி அடுக்க வேண்டும். காலிச் சாக்குகளை நிழலில் வைத்துக் காப்பாற்றுங்கள். வெயிலில் சில மாதம் கிடந்த சாக்கு இழை இற்று, ஆபத்து நேரத்தில் கிழிந்துவிடும்.

இனி இரண்டாவது கேள்வி. பை கடைசியில் எங்கே போகிறது?

எலிக்கும் பறவைக்கும் பயம் காட்ட வயலில் குச்சி நட்டுப் பையைக் கட்டுகிறோம். கட்டுவது சரி, அறுவடைக்கு முன் அவிழ்க்க மறந்துவிடுகிறோம். இயந்திரம் வைக்கோலைக் கட்டும்போது அந்தப் பையும் சேர்ந்தே கட்டுக்குள் போகிறது. அதைத் தின்பது நம் மாடு. மீந்த சோற்றைப் பையில் முடிந்து தெருவில் எறிந்தாலும் அப்படியே. மாட்டுக்கு முடிச்சு அவிழ்க்கத் தெரியாது, பையோடு விழுங்கும். முதல் வயிற்றில் பிளாஸ்டிக் செரிக்காது, வெளியேயும் போகாது. சேர்ந்து பந்தாகிவிடும். மாடு அசை போடாது, பால் குறையும், இடது பக்கம் உப்பும். அப்புறம் மாட்டை ஏற்றிக்கொண்டு ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரி மாதிரி இடத்துக்குப் போய், வயிற்றை அறுத்து எடுக்க வேண்டிய நிலை வரலாம்.

வாய்க்காலில் எறிந்த பை எங்கும் போய்விடுவதில்லை. ஆகாயத்தாமரையும் வைக்கோலும் சேர்ந்து மதகு வாயில் அடைத்துக்கொள்ளும். ஜூன் மாதம் மேட்டூர்த் தண்ணீர் வரும்போது கடைமடைக்காரருக்குத் தண்ணீர் எட்டாது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வடிகால் அடைத்தால் தண்ணீர் இறங்காது. இளம் சம்பா நடவு நாள்கணக்கில் மூழ்கி அழுகிப் போகும். மேலே ஒருவர் எறிந்த பை, கீழே இன்னொருவர் விளைச்சலைக் கொண்டுபோகிறது.

அடுப்புப் பற்றவைக்கப் பிளாஸ்டிக் பையைக் கொளுத்தும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். அந்த நச்சுப் புகையை முதலில் சுவாசிப்பவர் அடுப்படியில் நிற்கும் தாய்தான். பற்றவைக்கத் தென்னம்பாளையும் பன்னாடையும் நம்மிடம் தாராளமாக இருக்கின்றன. எருக்குழியிலும் பையைப் போடாதீர்கள். அது மக்காது, எருவோடு வயலுக்குத்தான் போய்ச் சேரும்.

ஆகவே வாசலில் ஒரு பழைய சாக்கைத் தொங்கவிடுங்கள். இனி உபயோகப்படாத பை, உறை எல்லாவற்றையும் கழுவிக் காயவைத்து அதில் போட்டு வாருங்கள். நிறைந்ததும் ஊராட்சித் தூய்மைக் காவலரிடமோ பழைய சாமான் வாங்குபவரிடமோ கொடுத்துவிடலாம். கடைக்குப் போகும்போது மஞ்சள் பையை மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள். வீட்டுக்கு வராத பைக்கு வழி தேட வேண்டியதில்லை, பாருங்கள்.

வாய்க்கால் தடையின்றி ஓடட்டும், தொழுவத்து மாடு நிம்மதியாக அசை போடட்டும்.